ஸ்கிரீன்ஷாட்டும் ஆய்வும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூக ஊடகங்களில் வதந்தி பரவுவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். வதந்திக்குக் காரணம் தொழில்நுட்பமா, சமூகமா? எந்தக் கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம்? நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

நிரல் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. தொழில்நுட்பமா சமூகமா என்று பிரிக்காதீர்கள். வாட்ஸப் 2019இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி உலகெங்கும் கட்டுப்படுத்தியது. அந்த வரம்பும் அனுப்புகிறவரின் ஆத்திரமும் ஒரே விரலசைவில் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. கோட்பாடு காத்திருக்கும்.

என்னை உறுத்துவது அந்த ஆயிரம் ஸ்கிரீன்ஷாட். அதன் பின்னால் எத்தனை இரவுகள் இருக்கும் என்று தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் முழு முகவரி இருக்காது. '3 மணிநேரம் முன்பு' என்றிருக்கும், எதற்கு முன்பு? பதிவு பின்னால் திருத்தப்பட்டதா, மறுமொழிகள் என்ன, எந்தக் கணக்கிலிருந்து பார்த்தது, ஒன்றும் தெரியாது. பரவலை ஆராய வந்தவர் பரவலின் தடயங்களையே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். போதாததற்கு, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து யாருடைய பதிவையும் அரை நிமிடத்தில் மாற்றிப் படமெடுக்கலாம். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அப்புறம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்ததை பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா அதே ஆண்டு ஆகஸ்டில் மூடியது.

பதிவிலுள்ள நேரத்தைச் சொடுக்கினால் பெரும்பாலும் அதன் நிலையான முகவரி திறக்கும். அதையும், நீங்கள் பார்த்த தேதி, நேரம், நேர மண்டலம், உள்நுழைந்து பார்த்தீர்களா என்பதையும் அட்டவணையில் ஏற்றுங்கள். முகவரியை வேபேக் மெஷின் என்னும் இணையக் காப்பகத்தில் சேமித்து, சேமித்ததைத் திறந்தும் பாருங்கள். பல சமயம் உள்நுழைவுப் பெட்டி மட்டுமே பதிவாகியிருக்கும். அத்தகைய பக்கங்களுக்கு, நீங்கள் பார்க்கும் பக்கத்தைக் கோப்பாகப் பதிவுசெய்யும் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற பிரவுசர் நீட்சியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் திறந்து உருட்டிய பகுதிதான் அதில் பதிவாகும், ஆகவே மறுமொழிகளைக் கடைசிவரை விரியுங்கள். இதை உங்கள் சொந்தக் கணக்கில் செய்யவே செய்யாதீர்கள்: உள்நுழைவுத் தகவலும் கோப்புக்குள் போய்விடும். ஆய்வுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். தளத்தின் விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோப்பு கிடைத்த கையோடு அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, ஒரு மென்பொருளால் கணக்கிட்டு வேறோர் இடத்தில் வையுங்கள். ஒரு பைட் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் பிற்பாடு மாறவில்லை என்பதற்குத்தான் அது சான்று. எடுத்தபோதே சரியாக எடுத்தீர்களா என்பதை உங்கள் அட்டவணைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பயந்துபோய் வதந்தியைப் பகிர்ந்த சாதாரண மனிதரின் வரியை ஆய்வேட்டில் அப்படியே அச்சிடாதீர்கள். பெயரை மறைத்தாலும் அந்த வரியைத் தேடுபொறியில் இட்டால் ஆள் அகப்படுவார். உங்கள் சொற்களில் சுருக்கி எழுதுங்கள், ஆளுக்கொரு குறியீட்டெண் கொடுங்கள், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைக் கடவுச்சொல் போட்டுத் தனியாகப் பூட்டிவையுங்கள்.