மணலில் ஏடிவி பெல்ட் அடிக்கடி அறுந்தால்

வணக்கம் நண்பரே. மணலில் ஓட்டும் ஏடிவியில் (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், ஒரே மாதத்தில் இரண்டு கருகி அறுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவதை வாங்கும் முன், பெல்ட்டும் அது ஓடும் இரண்டு புல்லிகளும் (உருளைகள்) இருக்கும் கிளட்ச் மூடியைத் திறந்து பாருங்கள்.

அறுந்த பெல்ட்டின் நூல் புல்லிக்குப் பின்னால் சுற்றிக் கிடக்கும். விட்டுவைத்தால் ஆயில் கசிவைத் தடுக்கும் சீல் கெட்டுவிடும், ஒன்றுவிடாமல் எடுங்கள். புல்லி முகங்களில் படிந்த கருப்பு ரப்பரைத் தேய்த்து, பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள். ஆயிலோ கிரீஸோ துளிகூடப் படக்கூடாது.

பழைய பெல்ட்டை எறிந்துவிடவில்லையே? காரணம் அதிலேயே தெரியும். ஓரிடத்தில் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தால், வண்டி சிக்கியபோது ஹை கியரிலேயே முறுக்கியிருக்கிறீர்கள். சக்கரம் நகராதபோது முன் புல்லி அந்த ஒரே இடத்தில் வழுக்கிச் சுற்றி எரித்துவிடும். மணல் ஏற்றம், சேறு, இழுவை, ட்ரெய்லரில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் லோ கியர்தான். பக்கங்கள் கண்ணாடிபோல மினுங்கினால் வழுக்கலும் சூடும்தான் காரணம். கிளட்சுக்குக் காற்று வரும் குழாயில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்க மாட்டுங்கள். முதல் 80 கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருக வேண்டாம், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அப்புறம், கடும் ஏற்றம் முடிந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் நியூட்ரலில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், பெல்ட் ஆறும்.

பழைய பெல்ட்டின் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.