பால்மிட்டிக் அமிலம்: ஆல்கைனா, டியூட்டீரியமா?

வாசகர் கேள்வி: உயிருள்ள செல்லுக்குள் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒளிர்சாயம் ஒட்டினால் அதன் போக்கே மாறிவிடுமோ என்று பயம். பிணைப்பின் அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆல்கைன், டியூட்டீரியம் போன்ற சிறு அடையாளங்களில் எதை எடுக்கலாம்?

பயம் நியாயமானதுதான். பால்மிட்டிக் அமிலத்தின் எடை சுமார் 256 டால்டன், ஃப்ளூரசின் சாயமோ 332. ஆளைவிடக் கனமான மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டு அவர் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பது போலத்தான் அது.

ராமன் நிறமாலையில் (பிணைப்புகளின் அதிர்வால் அலைநீளம் மாறிச் சிதறும் ஒளியின் பதிவு) 1800 முதல் 2800 செ.மீ⁻¹ வரை செல்லின் சொந்தப் பொருட்கள் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். ஆல்கைன் (கார்பன்-கார்பன் மும்மைப் பிணைப்பு), நைட்ரைல் (கார்பன்-நைட்ரஜன் மும்மைப் பிணைப்பு), கார்பனுக்கும் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கும் இடையிலான பிணைப்பு மூன்றும் அதிர்வது அந்த இடைவெளியில்தான், அதனால் அங்கே தெரிவது பெரும்பாலும் நீங்கள் போட்ட அடையாளம்தான்.

உங்களுக்கு டியூட்டீரியமே சரி. பிணைப்புக்குப் பிணைப்பு பார்த்தால் ஆல்கைனின் சிக்னல்தான் பலமானது, கூர்மையானதும்கூட. ஆனால் வால்நுனியில் ஆல்கைன் வைத்த 17-ஆக்டாடெசைனாயிக் அமிலம் போன்றவை கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனேற்றும் சைட்டோகுரோம் பி450 என்சைம்களில் சிலவற்றை முடக்கிவிடும், அப்புறம் நீங்கள் பார்ப்பது இயல்பான வளர்சிதை மாற்றம்தானா என்ற கேள்வி வந்துவிடும். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் டியூட்டீரியம் வந்தால் வடிவம் மாறாது, முழுச் சங்கிலியிலும் மாற்றிய அமிலத்தில் 31 பிணைப்புகள் சேர்ந்து குரல் கொடுக்கும்.

செறிவை மட்டும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். இரண்டு லேசர்களால் அந்த அதிர்வைத் தூண்டிப் படமெடுக்கும் தூண்டப்பட்ட ராமன் சிதறல் (எஸ்ஆர்எஸ்) நுண்ணோக்கியில் சாதாரண ஆல்கைனுக்கே நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் வேண்டும். கொழுப்பு அமிலம் கொழுப்புத் துளிகளில் குவிவதால் பிழைத்தீர்கள். நானோமோலாரில் வேலை செய்யும் மருந்து என்றால் இந்த வழியே வேண்டாம் என்பேன்.

அமிலத்தை ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். படமெடுக்கும்போது 2100 செ.மீ⁻¹-ஐ ஒட்டி ஒன்று, லேசரின் அலைநீளத்தைச் சற்று மாற்றி சிக்னல் இல்லாத இடத்தில் இன்னொன்று, முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் நம்புங்கள், ஏனென்றால் ராமனோடு தொடர்பில்லாத பின்னணியும் பளிச்சென்று தெரியும். டியூட்டீரியம் கொடுக்காத செல்களையும் அதே அமைப்பில் ஒருமுறை எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, பால்மிட்டிக் அமிலத்தை மட்டும் அதிகமாக ஊட்டினால் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் (செல்லுக்குள் கொழுப்பும் புரதமும் தயாராகும் சவ்வு வலை) சவ்வு திடமாக இறுகி, துளிகளுக்கு வெளியேயும் சிக்னல் திட்டுத்திட்டாகத் தெரியலாம். அதைக் கருவிக்கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள், ஓலியிக் அமிலம் என்ற நிறைவுறாத கொழுப்பு அமிலத்தைக் கூடச் சேர்த்து மறுபடி பாருங்கள், அந்தத் திட்டுகள் குறைகின்றனவா என்று.