நிறுவனம் சர்வரை மூடிவிட்டால் ஸ்மார்ட் ஸ்விட்ச் வேலை செய்யுமா?

பல கருவிகள் செய்யாது. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், வாங்கி மாட்டியே விட்டீர்கள் போலத் தெரிகிறது.

மதுரை திருநகரில் எங்கள் வீட்டுப் போர் மோட்டாருக்கு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஒரு வைஃபை கருவி வாங்கி அனுப்பினான். "நீ இனிமேல் கீழே இறங்கவே வேண்டாம் அக்கா" என்றான். எலக்ட்ரீஷியன் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றப் போனபோது, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மறித்தவள் நான். தம்பி போனில் சிரித்தான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியவர்கள் இன்டர்நெட் வயரை அறுத்துவிட்டார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, செயலியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த கூழ்வற்றல் மேல் தண்ணீர் கொட்டுகிறது. இறங்கிப் போய் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். நின்றது.

போனில் தட்டும் கட்டளை கீழே இருக்கும் மோட்டாருக்கு நேராகப் போவதில்லை. எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு, அதாவது சர்வருக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. வயர் அறுந்தாலும் போச்சு, நிறுவனம் படுத்தாலும் போச்சு. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே செயலியில் இணைக்கும் ரிவால்வ் என்ற கருவியின் நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் நிறுவனம், 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது வெறும் டப்பா. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் ஸ்விட்ச் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. செயலியை நம்பியவர்கள் தவித்தார்கள். சுவர் ஸ்விட்சைக் கையால் தட்டியவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தது.

பழைய பஞ்சாங்கம் என்று என்னைத் திட்டக் கிளம்புகிறவர்களுக்கு: இன்று எங்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளை வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. அமைத்தது நான்தான். ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ வழியாக அதனோடு பேசும் ஸ்விட்சுகள் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்கின்றன. வாங்கும் முன் கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ரவுட்டரில் வரும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினால் இது ஓடுமா? டவுன் ஹால் ரோடில் ஒரு கடைக்காரர், "நெட் இல்லாத வீடு இப்போது எங்கேம்மா இருக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேசாமல் வந்துவிட்டேன்.

கூழ்வற்றலுக்காகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சு வாங்கியதும் நான்தான். தம்பியோ அன்று இரவு கூப்பிட்டு, கருவி ஏன் ஆஃப்லைன் காட்டுகிறது என்று விசாரிக்கிறான். அப்பாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு வர லீவு கிடைக்காதவனுக்கு, மோட்டாரை மணிக்கொரு தரம் எட்டிப்பார்க்க நேரம் கிடைக்கிறது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். அவனும் இந்தத் தளத்தில் இருக்கிறான், படிக்கட்டும்.