தெரு போட்டதற்கு 9,000 டாலர்: கட்டுவதா, எதிர்ப்பதா?

மினியாபொலிஸ் புறநகர் ஒன்றில் சொந்த வீட்டில் இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டுத் தெருவை நகராட்சி தோண்டிப் புதிதாகப் போடுகிறது. என் பங்கு 9,000 டாலர், மூன்று வாரத்தில் ஹியரிங் என்று கடிதம் வந்திருக்கிறது. கார் வெளியே போகும் வழிகூட அந்தத் தெருவில் இல்லை. சொத்து வரியும் ஒழுங்காகக் கட்டுகிறோம். இதையும் கட்டித்தான் ஆக வேண்டுமா?"

முதலில், அந்தச் சொத்து வரி வாதத்தை விட்டுவிடுங்கள். ஹியரிங்குக்கு, அதாவது நகரமன்றம் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு, வருபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். நகரமன்றமும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிவிடும். தெரு, நடைபாதை, சாக்கடை, தண்ணீர்க் குழாய் வேலைகளின் செலவில் ஒரு பகுதியை, பயன்பெறும் சொத்துகள் மீது தனியாக விதிக்க மினசோட்டா சட்டத்தின் 429-ஆம் அத்தியாயம் இடம் தருகிறது. ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்பது இதுதான். சில ஊர்களில் தெருவை ஒட்டிய நீளத்தை அடிக்கணக்கில் அளப்பார்கள், சில ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள்.

ஆனால் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. அந்த வேலையால் உங்கள் சொத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு உயருகிறதோ, அதற்கு மேல் நகராட்சி விதிக்கக் கூடாது. வேலைக்கு ஆன செலவைக் காட்டினால் மட்டும் போதாது. செயின்ட் பால் நகரம் தெருப் பராமரிப்புக்காக வசூலித்த தொகையை வெறும் கட்டணம் என்று வாதிட்டது. இரண்டு தேவாலயங்கள் வழக்குப் போட்டன. அது வரிதான், ஆகவே இந்த மதிப்பு உயர்வு வரம்புக்குக் கட்டுப்பட்டது என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கேள்வியின் உயிர்நாடியும் இதுதான். உங்கள் கார் போக வழி இல்லாத பக்கவாட்டுத் தெருவைப் புதுப்பித்ததால் உங்கள் வீட்டை வாங்குபவர் 9,000 டாலர் கூடுதலாகக் கொடுப்பாரா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. மூலை மனைகளுக்குப் பல ஊர்களில் தனிக் கொள்கை இருக்கும். உங்கள் ஊரின் அசெஸ்மென்ட் கொள்கையைக் கேட்டு வாங்கி, உங்களுக்குப் போட்ட கணக்கு அதன்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, வந்திருப்பது எந்த ஹியரிங்குக்கான கடிதம்? வழக்கமாக இரண்டு நடக்கும். வேலை செய்வதா வேண்டாமா என்பது முதலாவது. மக்கள் மனு கொடுக்காமல் மன்றமே எடுத்த திட்டம் என்றால், ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். யார் எவ்வளவு கட்டுவது என்பது இரண்டாவது. முதலாவதில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும், தொகையை எதிர்க்க அது உதவாது.

இரண்டாவது ஹியரிங் என்றால், இந்த ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: கையெழுத்திட்ட எழுத்துமூல ஆட்சேபம். ஹியரிங்குக்கு முன்பே சிட்டி கிளார்க்கிடம் (நகராட்சியின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரி) கொடுக்கலாம். அங்கேயே தலைமை வகிப்பவரிடமும் கொடுக்கலாம். மைக்கில் பேசியது கணக்கில் வராது. எழுதிக் கொடுக்காமல் விட்டால், தக்க காரணம் காட்ட முடிந்தால் ஒழிய, பிறகு நீதிமன்றம் போகும் உரிமை போய்விடும். பெரிய மனு தேவையில்லை. முகவரி, சொத்து அடையாள எண், "இந்தத் தொகையை எதிர்க்கிறேன், என் சொத்தின் மதிப்பு இந்த அளவுக்கு உயராது" என்ற இரண்டு வரி, தேதி, கையெழுத்து. பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவருமே போடுங்கள். இமெயிலை நம்ப வேண்டாம். நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

நீதிமன்றம் போவதென்றால், தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் மேயருக்கோ கிளார்க்குக்கோ மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுத்து, அதிலிருந்து 10 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே அப்ரைசரின் (சொத்து மதிப்பீட்டாளர்) மதிப்பீடு இல்லாமல் நிற்பது கடினம். அதற்கும் வக்கீலுக்கும் ஆகும் செலவைத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 9,000 டாலருக்காகத் தனியாகப் போராடுவது பல சமயம் கட்டுப்படியாகாது. அதே தெருவில் இன்னும் நாலைந்து மூலை வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் கதை வேறு. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க மட்டும் காசு செலவில்லை, அதனால் எப்படியும் கொடுத்துவிடுங்கள்.

கட்டுவது என்று முடிவானால், தீர்மானம் வந்த 30 நாளுக்குள் முழுதாகக் கட்டினால் வட்டி கிடையாது. இல்லையென்றால் தவணைகளாகச் சொத்து வரி பில்லோடு சேர்ந்து வரும். உதாரணமாக 15 வருடம், 5% வட்டி என்று வையுங்கள்: வருடத்துக்கு அசல் 600, முதல் வருட வட்டி சுமார் 450, மொத்த வட்டி 3,600 டாலர் வரை போகும். வீட்டுக் கடன் எஸ்க்ரோ மூலம், அதாவது கடன் தவணையோடு வரிப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, வரி கட்டுபவர்களுக்கு மாதத் தவணையும் ஏறும். 65 வயதோ அதற்கு மேலோ ஆன உரிமையாளர், கட்டுவது சிரமம் என்றால், ஒத்திவைக்கக் கேட்கலாம். எல்லா ஊரும் தருவதில்லை, தந்தாலும் தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி இல்லை.

வருமான வரியில், தெருவைப் புதிதாகப் போட்ட தொகையைச் சொத்து வரி போலக் கழிக்க முடியாது. வீட்டின் அடக்க விலையோடு (விற்கும்போது லாபம் கணக்கிட எடுக்கும் விலை) சேரும். வட்டியைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடிந்தால் அதைக் கழிக்க இடமுண்டு. ரசீதை வீடு விற்கும்வரை பத்திரமாக வையுங்கள். சீக்கிரமே விற்கும் எண்ணம் இருந்தால், மீதித் தவணையை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விதித்ததும், இனி விதிக்கப்போவதும் அதில் தனித்தனியாக வர வேண்டும்.