சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ ஏஜென்டுக்குக் கொடுக்கும் டூல்களில், அதாவது அது இயக்கக்கூடிய செயல்பாடுகளில், தரவை அழிக்கும் டூலுக்கு விளக்கம் எழுதுவது எப்படி? ‘எச்சரிக்கை’ என்று போட்டால் போதாதா?

போதாது. அந்தச் சொல்லிலிருந்து ஏஜென்டுக்குத் தெரிவது, இதில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்பது மட்டும்தான். எது போகும், எவ்வளவு போகும், போனது திரும்புமா என்ற மூன்றும் தெரியாமல் யாராலும் சரியான முடிவெடுக்க முடியாது. ஏஜென்டுக்கும் அதே நிலைதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தபடி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகளுக்கான இருப்பு, பில் மென்பொருளைக் கவனித்துவருகிறேன். அதில் இப்போது ஓர் ஏஜென்டும் வேலை செய்கிறது. எந்த லாட் (ஒன்றாக வந்த முந்திரிக்கொட்டைச் சரக்கு) இன்னும் உடைக்கப்படவில்லை என்று தமிழில் கேட்டால் பார்த்துச் சொல்லும். சொன்னால் பதிவையும் திருத்தும். அந்த ஏஜென்டுக்கு நம் நிரல் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் ஆகியவை மட்டுமே அதன் முன் வைக்கப்படுகின்றன. நாம் எழுதாமல் விட்டதை அது ஊகித்துத்தான் நிரப்பிக்கொள்ளும்.

‘லாட் பதிவை நீக்கும்’ என்று எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தரவுத்தளத்தில், ஒன்றை நீக்கினால் அதைச் சார்ந்தவற்றையும் நீக்கும் ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ அமைப்பைப் போட்டிருந்தால், லாட்டோடு சேர்ந்து அதன் எடைப் பதிவுகளும், டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரித்த கணக்கும் போய்விடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஒரு லாட்டையும் அதற்குரிய எடைப் பதிவுகள், தரக் கணக்கு அனைத்தையும் நிரந்தரமாக நீக்கும். வியாபாரிகளின் நடப்புத் தரவுத்தளத்தில் இயங்கும். நீக்கியதை இந்த மென்பொருளில் மீட்க வழியில்லை. தவறுதலாக இருமுறை பதிவான லாட்டுக்கு மட்டும் பயன்படுத்தவும். விற்று முடிந்த லாட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க, ‘காப்பகத்துக்கு மாற்று’ டூலைப் பயன்படுத்தவும். லாட் எண் கட்டாயம். ஒரு முறைக்கு ஒரு லாட் மட்டும்.”

இதில் நான் அதிகம் மதிப்பது, வேறு டூலுக்கு வழிகாட்டும் வரியைத்தான். ‘பழைய லாட்டையெல்லாம் எடுத்துவிடு’ என்று முதலாளி சொன்னால், கண்முன் இருக்க வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். கடையில் பல வருடம் இருந்த கணக்குப்பிள்ளைக்கு அது சொல்லாமலே விளங்கும். ஏஜென்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பில்லில் இது இன்னும் தீவிரம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதனால் பில்லை அழிக்கும் டூலையே ஏஜென்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ‘பில்லை ரத்து செய், எண்ணும் பதிவும் அப்படியே இருக்கும்’ என்ற டூல் போதும்.

மீட்க முடியுமா என்பதை உண்மையாக எழுதுங்கள். பயமுறுத்துவதற்காக ‘மீட்கவே முடியாது’ என்று எழுதுவதும் கேடுதான். 2025 ஜூலையில், மென்பொருள் உருவாக்க உதவும் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தும் ஒருவருடைய நடப்புத் தரவுத்தளத்தை அழித்தது. பிறகு, மீட்க வழியில்லை என்றும் அவரிடம் சொன்னது. அவர் முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. பொது அறிவை நம்பியும் இதை ஏஜென்டிடம் விட்டுவிட முடியாது. அட்டவணையை மொத்தமாகக் காலி செய்யும் ‘ட்ரங்கேட்’ கட்டளையை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், உறுதி செய்யும்வரை ரத்து செய்யக்கூடிய ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுத்திருந்தால் பின்வாங்கலாம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் அது உடனே உறுதியாகிவிடும். உங்கள் அமைப்பில் எது நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உள்ளீட்டைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில், எந்த வரிசைகள் என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை இல்லாத ‘டிலீட்’ அட்டவணையின் எல்லா வரிசைகளையும் நீக்கிவிடும். ‘தேதி, விருப்பப்பட்டால்’ என்று போட்ட டூலுக்குள்ளும் அதே குழி இருக்கலாம். விளக்கத்தில் சொல்வதோடு நிற்காமல், காலி உள்ளீட்டை நிரலே மறுக்க வேண்டும்.

ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கும் பொது விதிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒரு டூல் படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க அதில் தனி அடையாளங்கள் உண்டு. படிக்க மட்டும் என்று குறிக்காத டூலில் அழிப்பு அடையாளத்தையும் போடாமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி. ஆனால் அவை வெறும் குறிப்புகள் என்றும், நம்பகமற்ற சர்வர் (டூலை வழங்கும் மென்பொருள்) சொல்வதை நம்ப வேண்டாம் என்றும் அந்த விதிமுறையே சொல்கிறது. விளக்கமும் பூட்டு ஆகாது. தரவுத்தள அனுமதியைக் குறைப்பது, மனிதரிடம் ஒப்புதல் கேட்பது எல்லாம் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

எல்லா டூலிலும் ‘ஆபத்து’ என்று எழுதிவைக்காதீர்கள். ஏஜென்ட் தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்கும். சீசன் நேரத்தில் கோடவுனில் நிற்பவர் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தப் பழகிவிடுவார். உண்மையில் அழிக்கும் டூலுக்கு மட்டும் ஒப்புதல் கேளுங்கள். கேட்கும்போது லாட் எண்ணையும் எத்தனை பதிவுகள் போகும் என்பதையும் காட்டுங்கள். வேலை முடிந்ததும் டூல் ‘வெற்றி’ என்று மட்டும் திருப்பி அனுப்பாமல், எந்த லாட், எத்தனை எடைப் பதிவுகள் நீங்கின என்று எண்ணோடு சொல்லட்டும். ஒன்றை நீக்கச் சொன்ன இடத்தில் முந்நூறு போயிருந்தால், ஏஜென்ட் அடுத்த லாட்டைத் தொடுவதற்கு முன்பே நிற்க அதுதான் வழி.