மூன்று கிழமையில் வளர்ந்த கட்டி புற்றுநோய் இல்லையென்றால் வேறென்ன?

வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தம்பியின் முன்கையில் மூன்று கிழமைக்குள் வளர்ந்த கட்டியை முதலில் சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற இழையங்களில் தோன்றும் புற்றுநோய்) என்று ஐயுற்றவர்கள், பயொப்சிக்குப் (இழையத் துண்டெடுத்துச் சோதித்தல்) பின் ‘நொடியூலர் ஃபசைட்டிஸ்’, தீங்கற்றது என்கிறார்கள், இது எப்படி?

இதில் முரண்பாடு இல்லை. தசையுறையில் தோன்றும் இக்கட்டி 1955ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டபோதே, சார்கோமாவைப் போலத் தோன்றுவது என்று பொருள்படும் பெயரைத்தான் பெற்றது. நுணுக்குக்காட்டியில் நூற்கதிர் போல நடு தடித்து இரு முனையும் கூரான கலங்கள், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தவை போலத் தளர்வாகப் பரந்து, இடையிடையே கசிந்த செங்குருதிக் கலங்களுடன் கிடக்கும். கலப்பிரிவும் ஏராளமாகத் தெரிவதால், அனுபவமுள்ள கண்ணும் ஒரு கணம் தயங்கும். ஆனால் என் கருத்தில் எண்ணிக்கையைவிட உருவமே பெரிய சான்று: கருக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், முறைதவறிய கலப்பிரிவு தென்படாது.

இது வெறும் அழற்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2011இல் இக்கலங்களில் யூஎஸ்பி6 என்னும் பரம்பரையலகு இடம்மாறி வேறொன்றுடன் இணைந்திருப்பது கண்டறியப்பட்ட பிறகே, தானாக வளர்ந்து தானாகவே அடங்கக்கூடிய உண்மையான கட்டி இது என்பது தெளிவாயிற்று. ஐயமான வேளைகளில் அந்த மாற்றத்தைச் சோதித்தும் பார்க்கலாம்.

பொதுவாக இது 3 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. தம்பியின் கட்டி அதைத் தாண்டினாலோ, சில மாதங்களுக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ, பயொப்சியின் கண்ணாடித் தகடுகளையும் இழையம் பதித்த மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி, மென்னிழையக் கட்டிகளில் தேர்ந்த இன்னொரு நோயியல் நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள்.