தெருப்பக்கம் வாசல் இல்லாத கடை

கேள்வி: ஹாலிவுட் படங்களில் அமெரிக்கா என்றால் பெரிய வீடு, கார், நெடுஞ்சாலை. ஓவியங்களில் பார்த்தால் ஆள் அரவமே இல்லை. எதை நம்புவது?

பதில்: நீங்கள் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் 1942-இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. நடு ராத்திரி, தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடை, உள்ளே பளீர் வெளிச்சம், கடைப் பணியாளரோடு சேர்த்து நாலே பேர். கொஞ்சம் நின்று பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணின் கையும் பெண்ணின் கையும் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்புறம், தெருவிலிருந்து அந்தக் கடைக்குள் போக வாசலே தெரியாது! கண்ணாடி வழியே எல்லாம் தெரிகிறது, நாம் மட்டும் இருட்டில் நிற்கிறோம். அந்த நாட்டின் தனிமையை இவ்வளவு அருகில் கொண்டுவந்த படம் எனக்கு வேறு தெரியாது.

ஆனால் ஓவியம் ஒரு கட்சி, சினிமா ஒரு கட்சி என்று பிரிக்காதீர்கள். ஹாப்பருக்கு சினிமா என்றால் உயிர். 1939-இல் அவர் ஒரு தியேட்டரை வரைந்தார், அதில் திரை ஓரமாகத் துளிதான் தெரியும், நம் கண் போவதெல்லாம் நீலச் சீருடையில் சுவர் ஓரம் யோசனையில் நிற்கும் பணிப்பெண்ணிடம். 1925-இல் அவர் வரைந்த தண்டவாளத்தை ஒட்டிய வீடுதான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்து வீட்டுக்கு முன்மாதிரி.

கேள்வி: நார்மன் ராக்வெல் வரைந்த சந்தோஷக் குடும்பங்கள் பொய்தானா?

பதில்: பொய் இல்லை, பாதிதான். 1943-இல் வெளிவந்த ஓவியத்தில் வான்கோழி விருந்தைச் சுற்றிச் சிரிக்கும் குடும்பத்தை வரைந்த அதே கை, 1964-இல் வெளிவந்த ஓவியத்தில் ரூபி பிரிட்ஜஸை வரைந்தது. 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளிக்குப் போன 6 வயதுக் கறுப்பினச் சிறுமி அவள். வெள்ளைக் கவுன், கையில் நோட்டும் அடிக்கோலும், முன்னும் பின்னுமாக நான்கு மத்திய அரசுக் காவலர்கள். காவலர்களுக்குத் தலை இல்லை, ஓவியச் சட்டத்தின் விளிம்பு தோளோடு வெட்டிவிடுகிறது, அதனால் முகம் என்று இருப்பது அந்தக் குழந்தைக்கு மட்டும்தான். பின்னால் சுவரில் ஒரு வசைச்சொல், எறிந்த தக்காளி வழிந்த கறை. எறிந்த கூட்டம் ஓவியத்தில் இல்லை, அது நின்ற இடத்தில்தான் பார்க்கிற நாம் நிற்கிறோம். முதல் தடவை இது உறைத்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

கேள்வி: கௌபாய் படங்கள்?

பதில்: ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) பாருங்கள். கதவு திறந்து தொடங்குகிற படம், வீரனை வெளியே விட்டுவிட்டுக் கதவு மூடுவதோடு முடிகிறது. அது போதும் என்று எழுந்துவிடாமல் அந்தச் செம்பாறைகளையும் கவனியுங்கள். கதை நடப்பது டெக்சாஸில், படம் பிடித்ததோ நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் மண்ணான மான்யுமென்ட் பள்ளத்தாக்கில். அந்த நவஹோக்களையே கமான்சி என்ற இன்னொரு பூர்வகுடியாக வேஷம் போட வைத்தார்கள், சொந்த மண்ணில், வேறு இனத்தின் பெயரில்.